பத்திரமாக வைத்த பை

எங்கள் வரிசையில் ஐந்து கடைகள். ஐந்துமே காரை நம்பிப் பிழைப்பவை. முதலில் டயர் கடை, அடுத்து பேட்டரி கடை, மூன்றாவது கார்க் கண்ணாடி மாற்றும் கடை, நான்காவது என்னுடையது. நான் சீட் கவர் தைக்கிறேன். ஐந்தாவது கடையில் யாரும் நிலைத்ததில்லை, வருஷத்துக்கு ஒருவர் வந்து கையைச் சுட்டுக்கொண்டு போவார். நான் சொல்லப்போவது கண்ணாடிக்காரரைப் பற்றி. இருபத்திரண்டு வருஷமாக அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அவர் அங்கே பெருமூச்சு விட்டால் இங்கே என் ஊசி நிற்கும்.

எங்கள் ஊருக்கு மேலே ஓர் ஏரியும் அதைத் தாண்டி ஓர் அருவியும் இருக்கின்றன. லீவு நாட்களில் வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போவார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கும், உள்ளே இருந்தது போயிருக்கும். மறுநாள் காலையில் அந்த வண்டிகள் எல்லாம் ஜன்னலில் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு, எங்கள் வரிசைக்கு வந்து நிற்கும்.

கண்ணாடிக்காரர் கதவின் உள்பலகையைக் கழற்றுவார். உள்ளே விழுந்து கிடக்கும் கண்ணாடித் துகளை மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார். ரப்பர் பள்ளத்தை ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பார். கை இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் வேறொரு வேலையில் இருக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார், இவர் பாடம் எடுப்பார்.

"சீட்டு மேல எதையும் வைக்காதீங்க. காலிப் பையக்கூட வைக்காதீங்க. காலின்னு உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? சார்ஜர் ஒயர் தொங்கினா, போன் இங்கதான் எங்கயோ இருக்குன்னு நெனப்பான். துண்டு போட்டு மூடி வச்சீங்கன்னா, இங்கதான் இருக்குன்னு போர்டு எழுதி மாட்டின மாதிரி."

"டிக்கியிலதான் சார் வச்சிருந்தேன்" என்பார் வந்தவர்.

"எங்க வச்சு டிக்கியத் தொறந்தீங்க?"

"அருவிகிட்டதான். எறங்கினப்ப."

"அதான். டிக்கியில வைக்கிறதா இருந்தா கெளம்புற எடத்துலயே வச்சுடணும். போய் எறங்கின எடத்துல தொறக்கக் கூடாது. நாலு பேரு பாக்க வச்சா அதுக்குப் பேரு பத்திரமா? கடை போட்ட மாதிரி."

பொருளைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் இருப்பவருக்கு இது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது போலத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுக்கொள்வார்கள். அவர் சொல்வதில் பிழை இருக்காது. அதனால் வரிசையில் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர். பேட்டரிக்காரர் ஒருமுறை கேட்டார்: "வாத்தியாரே, எல்லாரும் உங்க பேச்சக் கேட்டுத் திருந்திட்டா உங்க கடைக்கு யாரு வருவா?"

"அந்தக் கவலையே வேணாம்" என்றார் இவர். "கேக்கவே மாட்டாங்க."

அவருக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் மனைவி அப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தார். தேனில் தோய்த்த குரல் என்பார்களே, அப்படி ஒரு குரல். குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும்போது, சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் கைதவறி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை திரும்பவே இல்லை. அந்த அம்மா அந்தப் பாத்திரத்தை எடுத்து மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

பிறவியிலேயே காது கேட்காது என்றார்கள். இரண்டு வயதில் ஆபரேஷன் நடந்தது. தலைக்குள்ளே தோலுக்கு அடியில் ஒரு துண்டு வைப்பார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் தருவார்கள். அதிலிருந்து ஒரு சின்ன ஒயர் போகும். ஒயரின் நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், அது காந்தம் போல மண்டையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் கேட்கும். வெளி மெஷினைக் கழற்றிவிட்டால் உலகம் கப்சிப்.

மெஷின் மாட்டியதும் பேச்சு வந்துவிடாது. ஒவ்வொரு சத்தமாகக் காட்டி, இது இன்னது என்று பழக்க வேண்டும். அந்த அம்மா வேலையை விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு நூறு தடவை ஒரே வார்த்தையைச் சொல்வார். குழந்தை ஒரு வார்த்தையைத் தானாகச் சொல்லிவிட்டால் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வார். முதல் வார்த்தை 'போ'. இரண்டாவது 'அப்பா'. "என்னைப் போன்னு சொல்லிட்டு அப்புறம்தான் கூப்பிட்டிருக்கா" என்று இவர் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான்கு வருஷத்தில் நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள். நானூற்றுப் பன்னிரண்டாவது வார்த்தை 'அலை'.

பாப்பாவுக்கு ஆறு வயது ஆனபோது கடலுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து பதினோரு வருஷமாக அவர்கள் எங்கேயும் போனதில்லை. ஊர் முழுக்க லீவுக்குப் போய்வந்தால்தான் இவருக்கு வேலை, இவர் எப்போது போவது? கடையை நான்கு நாள் அடைத்தார். கிளம்புவதற்கு முன் நானும் வண்டியைப் பார்த்தேன். சீட்டில் ஒரு தாள்கூட இல்லை. முன்பக்கப் பெட்டியைத் திறந்து, காலியாக இருப்பது வெளியிலிருந்து தெரியும்படி விட்டிருந்தார். துணிப்பை, சாப்பாட்டுப் பை எல்லாம் வீட்டு வாசலிலேயே டிக்கிக்குள் போயிருந்தன. தான் எடுத்த பாடத்தில் தானே நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார்.

மிச்சத்தை அவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான். சொல்லி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

காலை பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பெரிய பார்க்கிங், நிறைய வண்டிகள், வெளிச்சமான இடம். பாப்பா மெஷினோடுதான் மணலில் ஓடினாள். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள். விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்ஷ்" என்றாள். தன்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இவர் வாயை மூடிக்கொண்டார். பிறகுதான் புரிந்தது, கடல் அப்படிச் சொல்கிறது என்று அவள் அவருக்குச் சொல்லிக் காட்டுகிறாள்.

பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, தண்ணீரில் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். மெஷினில் தண்ணீர் படக்கூடாது, மணலும் ஆகாது. கழற்றி, அதற்கென்றே வைத்திருந்த சின்ன மஞ்சள் பையில் வைத்தார்கள்.

"நீங்க அவளக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் இத மடியில வச்சுக்கிட்டுக் கரையில உக்காந்திருக்கேன்" என்றார் மனைவி.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கோம். நீ காவல் காக்கவா வந்தே? நீயும் வா."

"பையை எங்க வைக்கிறது? மணல்ல விட்டுட்டுப் போகவா முடியும்?"

"வண்டியில வச்சுடலாம். டிக்கியில அடியில வச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"நீங்கதானே சொல்லுவீங்க, வந்த எடத்துல டிக்கியத் தொறக்கக் கூடாதுன்னு."

"ஒரு நிமிஷ வேலைம்மா. ஆள் இருக்கான்னு பாத்துட்டுத்தான் தொறப்பேன்."

பார்த்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார். இரண்டு வண்டி தள்ளி ஒருவன் பைக்கில் சாய்ந்துகொண்டு ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓர் ஆள்தானே என்று தோன்றியதாம். உதிரி டயர் இருக்கும் பள்ளத்தில் மஞ்சள் பையை வைத்து, பலகையை மூடி, அதன் மேல் துணிப்பையை வைத்தார். பத்திரமாக ஒளித்து வைப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அந்த நேரமே, அங்கே ஏதோ பெரிய சரக்கு இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருக்கும்.

ஐம்பது நிமிஷம் தண்ணீரில் இருந்தார்கள். மனைவி அவ்வளவு சிரித்து அவர் பார்த்ததில்லை. அலை வந்து காலை வாரிவிட்டபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சேர்ந்தே விழுந்தார்கள்.

திரும்பி வந்தபோது இடது பக்கப் பின்கதவுக் கண்ணாடி இல்லை. பின்சீட்டை மடித்துவிட்டு அந்த வழியாக டிக்கியைத் துழாவியிருந்தார்கள். துணிப்பை இல்லை, மனைவியின் கைப்பை இல்லை, டயர்ப் பள்ளத்தின் பலகை நிமிர்ந்து நின்றது. இவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து தரையில் கிடந்த துகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எந்த இடத்தில் அடித்திருக்கிறான், எத்தனை அடி என்று பார்த்தாராம். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

"அத விடுங்க. மெஷினப் பாருங்க" என்றார் மனைவி.

பாப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு நனைந்த தலையோடு நின்றாள். ஒன்றும் கேட்காது, ஒன்றும் தெரியாது. வழக்கம் போலத் தலையின் பக்கத்தைத் தொட்டுவிட்டு, கையை நீட்டினாள். மெஷினுக்கு அவள் ஒரு பேர் வைத்திருந்தாள்.

"காது" என்றாள். "காது குடு."

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் நல்ல மனிதர். முதலில் அவருக்குப் புரியவில்லை, ஏதோ பாட்டுக் கேட்கிற சாமான் என்று நினைத்துவிட்டார். புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டார். "இத அவனால விக்கவே முடியாதே சார். என்னன்னு தெரியாம எங்கயாவது வீசியிருப்பான். நாங்க தேடுவோம், நீங்களும் குப்பைத்தொட்டி, சாக்கடை ஓரம் எல்லாம் பாத்துடுங்க." பைக்கில் இருந்தவனின் முகம் எப்படி என்று கேட்டார். இவருக்கு ஹெல்மெட்டின் கண்ணாடிதான் ஞாபகம் இருந்தது. கீறல் விழுந்த கண்ணாடி. முகத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்று நாள் தேடினார். கடற்கரையிலிருந்து நாலா பக்கமும் போகும் ரோடுகளில் ஒரு குப்பைத்தொட்டி விடாமல் கையை விட்டுத் துழாவினார். மெஷினின் படம் போட்டு நோட்டீஸ் அடித்து ஒட்டினார். 'இது என் மகளின் காது. வேறு யாருக்கும் பயன்படாது. எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட்டு ஒரு போன் செய்யுங்கள். யார் என்று கேட்க மாட்டேன்' என்று அடியில் எழுதியிருந்தார். இரண்டாம் நாள் ஒரு பாலத்துக்கு அடியில் துணிப்பை கிடைத்தது. பாப்பாவின் கவுன்கள் மடித்தது மடித்தபடியே இருந்தன. அங்கே மஞ்சள் பை இல்லை.

மனைவி லாட்ஜ் அறையில் பாப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்துக்கு நேரே வாயை வைத்து, உதட்டை அசைத்து அசைத்து, பழைய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பாப்பா முதல் நாள் அதை விளையாட்டு என்று நினைத்தாள். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலில் பாலித்தீன் ஒட்டிய அவர் வண்டி எங்கள் வரிசைக்கு வந்து நின்றது. டயர்க்காரர் வழக்கமான வாய்க்கொழுப்பில் ஏதோ சொல்ல வந்தார், பேட்டரிக்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு மாதம் அந்த வண்டி அப்படியேதான் நின்றது. அதே அளவுக் கண்ணாடி கடைக்குள் மூன்று இருந்தன. கடைசியில் நானே எடுத்துக் கொடுத்து, "போடுங்கண்ணே, மழை உள்ள எறங்குது, சீட்டு நான் தச்சது" என்று சண்டை போட்ட பிறகு போட்டார்.

இதற்கு நடுவில், பத்தொன்பதாம் நாள், அந்தப் போலீஸ்காரர் போன் செய்தார். மெஷின் கிடைத்துவிட்டது. இவர் போட்டது போட்டபடி கிளம்பினார். கடையை நான்தான் பூட்டினேன்.

ஸ்டேஷனில் ஒரு நடுத்தர வயதுப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குப்பை பிரிக்கும் வேலை பார்ப்பவர். நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் இதையே தேடியிருக்கிறார். கழிமுக ஓரத்தில் சேற்றில் கிடந்ததாம். தன் முந்தானையில் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் வாயை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இவர் வாங்கிப் பார்த்தார். மூடி பிளந்திருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சையாகப் பூத்திருந்தது. கண்ணாடி வேலை பார்க்கிறவருக்குக்கூட அது செத்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"இனி பாப்பாவுக்குக் கேக்கும்ல சார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"கேக்கும்மா" என்றார் இவர்.

இதை எனக்குச் சொன்ன அன்று அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

புது மெஷின் வாங்குவது கடையில் போய் பல்பு வாங்குகிற மாதிரி இல்லை. தலைக்குள் இருக்கும் துண்டோடு ஒத்துப்போக வேண்டும். அந்த மாதிரியைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர் விலைக்கு வாங்கும் நிலையிலும் இல்லை. முதல் மெஷின் கொடுத்த இடத்தில் ஒரு கமிட்டி இருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு முறைதான் என்று அந்தக் கமிட்டி முதல் மனுவைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது மனுவுக்கு, மெஷின் ஏன் வண்டியில் விடப்பட்டது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு ஒரு வாரம் ஆனது. நான் கூட இருந்தேன். எழுதுவார், கிழிப்பார். கடைசியில் 'என் கவனக்குறைவு' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புது மெஷின் கைக்கு வரப் பதின்மூன்று மாதம் ஆயிற்று.

அந்தப் பதின்மூன்று மாதத்தில் பாப்பாவின் பேச்சு கரைந்தது. முதலில் வார்த்தைகளின் கடைசி எழுத்துகள் போயின. பிறகு எல்லா வார்த்தைக்கும் ஒரே ராகம் வந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் கத்தினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் வாயை மூடினாள். அவள் அம்மா அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். இன்னும் இருக்கும் வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். போய்விட்ட வார்த்தையை அடிக்கவும் மாட்டார், அழிக்கவும் மாட்டார். வெறுமனே புள்ளி வைக்காமல் விட்டுவிடுவார்.

கணவரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சமைத்தார், துவைத்தார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். இவருக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "என்னத் திட்டவாவது செய். நாலு வார்த்த கேட்டுரு."

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும்" என்றார் அந்த அம்மா. தட்டை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

கடையில் பாடம் நின்றுபோனது. கண்ணாடி உடைந்து வருகிறவர்களிடம் "எந்தக் கதவு?" என்று மட்டும் கேட்பார். பழைய வாடிக்கையாளர் ஒருவர், "என்னங்க, இந்தத் தடவ ஒண்ணும் திட்டலயா? நான் வேற பையை சீட்டு மேலயே வச்சிட்டுப் போயிட்டேன்" என்று சிரித்தார். "போனது என்ன?" என்றார் இவர். ஒரு கேமராவும் ரெண்டு செருப்பும் என்றார் அவர். "சரி. பரவால்ல" என்று சொல்லிவிட்டு இவர் கதவின் உள்ளே குனிந்துகொண்டார். அதன் பிறகு யாரும் அவரை வாத்தியார் என்று கூப்பிடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, அந்தப் பெயர் தானாக உதிர்ந்துவிட்டது.

புது மெஷின் வந்த நாளில் என்னையும் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி அறையில் பேச்சு டீச்சர், அந்த அம்மா, இவர், சுவரோரமாக நான். டீச்சர் கம்ப்யூட்டரில் எதையோ சரி செய்துவிட்டு, மெல்ல "பாப்பா" என்றார். அவள் அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. மெஷினைப் பிய்த்து எறிந்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் எறிந்ததை எடுத்துத் துடைத்தார். "பழகணும். கொஞ்ச நாள் ஆகும்" என்றார்.

இப்போது அவள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் போட்டுக்கொள்கிறாள். லாரி ஹாரன் கேட்கிறது, நாய் குரைப்பது கேட்கிறது, கதவைத் தட்டினால் திரும்புகிறாள். வார்த்தை மட்டும் அவளுக்கு வார்த்தையாகப் போய்ச் சேர்வதில்லை. எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறதாம். எட்டு வயதில் அவளைக் கைப்பேச்சில் பாடம் நடத்தும் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கை பேச ஆரம்பித்தால் வாய் அடியோடு மூடிவிடும் என்று பயந்தார். சேர்த்த இரண்டாம் மாதம், அழைத்துவரப் போனவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்று கைகளால் ஒரே பேச்சு. நடுவில் பாப்பா. அவள் எதையோ சொல்ல, மற்றதுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார்: "நமக்குத் தெரியாத ஒருத்தி நம்ம வீட்டுல இருக்கா. அவ நல்லா வேடிக்கையா பேசுவா போலிருக்கு."

மறுவாரத்திலிருந்து இருவரும் சனிக்கிழமை வகுப்புக்குப் போனார்கள். இவர் விரல்கள் கண்ணாடி கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போனவை, இரண்டு விரல் முழுதாக மடங்காது. அவர் கையால் பேசினால் திக்கித் திக்கிப் பேசுவது போல இருக்கிறது என்று பாப்பா கிண்டல் செய்வாளாம். அந்த அம்மாவுக்குத்தான் கடைசியில் நன்றாக வந்தது.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம். பாப்பாவுக்குப் பதினோரு வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது வழக்கம். அருவிப் பக்கம் உடைத்த வண்டி ஒன்று வந்திருந்தது. அதில் வந்த பெண் நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். செத்துப்போன தங்கையின் படங்கள் இருந்த போனோடு பை போய்விட்டதாம். பாப்பா அப்பாவிடம் கையால் ஏதோ கேட்டாள். இவர் பதில் சொன்னார். அவள் மறுபடி கேட்டாள். இவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு ஆள்காட்டி விரலால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அந்த ஒரு சைகை எனக்கும் புரிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்து என் கடைக்கு வந்து, பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்து, நோட்டை மறுபடியும் திறந்தாள்.

வண்டி போன பிறகு நான் தடுப்பைச் சுற்றிப் போனேன். "என்னண்ணே கேட்டா?"

"திருடன் தன் காதுல இருந்தே பிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்திருக்கா. சின்னப் பிள்ள, ஞாபகம் இல்ல. இல்லம்மா, வண்டியில இருந்துச்சுன்னேன். யாரு வச்சதுன்னு கேட்டா."

அவர் திருப்புளியை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

"எதுக்கு வச்சேன்னு கேட்டா. பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன்னேன். அம்மாவுக்குத் தெரியுமான்னா. தெரியும்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"எந்திரிச்சு உன் கடைக்கு வந்துட்டா."

அந்த மாதம் முழுக்க என் கடையில்தான் உட்கார்ந்தாள். அவர் தினமும் பிஸ்கட்டும் டீயும் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். அவள் சாப்பிடுவாள், தம்ளரை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இருவருக்கும் நடுவில் தகரத் தடுப்பு மாதிரி நான் இருந்தேன். ஒரு தடவைகூட அவர் அவளைக் கூப்பிடவில்லை. வீட்டில் எப்படி என்று கேட்டேன். "அங்கயும் அப்படித்தான்" என்றார்.

அடுத்த மாதம் ஒரு வேன் வந்தது, பின்பக்கக் கண்ணாடி மாற்ற. அகலமான கண்ணாடி, ஒரே ஆளால் தூக்கிப் பொருத்த முடியாது, எப்போதும் மறுமுனையைப் பிடிப்பது நான்தான். சுற்றிலும் பசை தடவியாகிவிட்டது, காய்வதற்குள் வைத்தாக வேண்டும். பாதி தைத்த சீட் கவர் என் தையல் மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைத் தாங்கியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவளுக்கு நான் கத்தியது கேட்டிருக்காது. தடுப்பின் இடுக்கு வழியாக அவர் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் ஊசியை விடுவித்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, அங்கே ஆணியில் எனக்காகத் தொங்கும் கையுறையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். இருவரும் மெதுவாக நகர்ந்தார்கள். நான்கு கையும் கண்ணாடியில் இருந்தன, அதனால் பேச வழியில்லை. அவர் தலையை லேசாக அசைத்தார், அவள் தன் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். வைத்து அழுத்திய பிறகும், பசை பிடிக்கும் வரை இருவரும் உள்ளங்கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள்.